சைக்கிளில் வேலைக்குப் போகிறீர்களா?

சென்னையில் பொழுது விடிவதற்கு முன்பே சைக்கிள் மணி ஓசை கேட்கத் தொடங்கி விடுகிறது.

பால் பாக்கெட் போடுகிறவர், பத்திரிகை போடும் பையன், ஓட்டலில் அடுப்பு மூட்டப் போகிறவர், இரவுக் காவல் முடிந்து வீடு திரும்புகிறவர், கட்டட வேலைக்குப் போகிற கொத்தனார் -- எல்லோரும் சைக்கிள்காரர்கள்.

உடம்பு இளைப்பதற்காக, கிழக்குக் கடற்கரைச் சாலையில் விலை உயர்ந்த சைக்கிளில் பறக்கிறவர்களும் இருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இந்தக் கட்டுரை அவர்களுக்காக அல்ல. வெயிலோ, மழையோ, தினமும் போயே தீர வேண்டியவர்களுக்காக எழுதப்பட்டது இது.

2022-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் சாலை விபத்தில் மாண்டவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். அவர்களில் சைக்கிளில் சென்றவர்கள் நாலாயிரம் பேருக்கும் அதிகம்! ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது.

லாரிக்காரர் எப்படி ஓட்டுவார் என்பது நம் கையில் இல்லை. ரோடு எப்படி இருக்கும் என்பதும் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பவை இரண்டு. ஒன்று, நாம் ஏறும் வண்டி. இன்னொன்று, நாம் போகும் வழி.

வண்டியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வழியைப் பற்றி யாரும் பேசுவது இல்லை. ஆகையால், முதலில் வழியைப் பார்ப்போம்.

சுருக்கு வழி வேறு, நல்ல வழி வேறு

புதிதாக ஓர் இடத்தில் வேலைக்குச் சேருகிறோம். எப்படிப் போவது? பஸ் எந்த வழியாகப் போகிறதோ, அந்த வழியாகவே சைக்கிளையும் விடுகிறோம். தெரிந்த வழி அதுதான்.

இது சரி அல்ல. பஸ் போகும் ரோடு பஸ்சுக்கு நல்ல ரோடு. சைக்கிளுக்கு அல்ல!

இப்போது கைபேசியில் வழி கேட்கிறவர்களும் உண்டு. கைபேசி சுருக்கு வழியைக் காட்டும். அந்தத் தெருவில் இரவில் விளக்கு எரிகிறதா, நாய் துரத்துமா, பள்ளம் தோண்டி இருக்கிறதா என்பது எல்லாம் அதற்குத் தெரியாது. ஒரு கிலோ மீட்டர் சுற்றினால் சைக்கிளுக்கு ஐந்து நிமிடம் கூடும். அவ்வளவுதான்.

சென்னை சமதளமான ஊர். பரங்கிமலைப் பக்கம் போனால்தான் மேடு. மேடு பள்ளம் இல்லாத ஊரில் சைக்கிள் விடுவதற்கு என்ன கஷ்டம்?

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ஊரைக் கத்தி வைத்து அறுத்தது போலப் பல துண்டுகளாக ஆக்கி இருக்கிறார்கள். நடுவிலே கூவம் ஓடுகிறது. தெற்கே அடையாறு. வடக்கு தெற்காக பக்கிங்காம் கால்வாய். போதாததற்கு ரெயில் பாதைகள். கடற்கரையில் இருந்து தாம்பரம் வரை 1931-ம் ஆண்டிலேயே மின்சார ரெயில் வந்து விட்டது. அந்தத் தண்டவாளம் நகரின் தென்பகுதியைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிக்கிறது.

ஆற்றையும் தண்டவாளத்தையும் நினைத்த இடத்தில் தாண்ட முடியுமா? முடியாது. பாலம் இருக்கும் இடத்தில் தாண்டலாம். சுரங்கப் பாதை இருக்கும் இடத்தில் தாண்டலாம். நீங்கள் தாண்டுகிற அதே இடத்தில்தான் பஸ், லாரி, கார், ஆட்டோ எல்லாம் தாண்ட வேண்டும். எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நெருக்குகிறார்கள்.

ஆகவே, வழியைத் தேடும்போது தெருவை முதலில் தேடாதீர்கள். எந்த இடத்தில் தாண்டுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அது முடிவாகி விட்டால், மற்றத் தெருக்கள் தாமாக வந்து சேரும்.

சைதாப்பேட்டைப் பக்கத்தில் அடையாற்றைத் தாண்ட வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. (அந்த இடத்தில் முதல் பாலத்தைக் கட்டியவர் ஓர் அர்மீனிய வியாபாரி. பெயர் பெட்ரூஸ் உஸ்கான். 1726-ல் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினார். நடந்து போகிறவர்கள் ஆற்றில் இறங்கிக் கஷ்டப்படுகிறார்களே என்று கட்டிய பாலம், இன்று நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் பயப்படுகிற பாலமாக இருக்கிறது!) கிழக்கே போனால் கோட்டூர்புரம் பாலம் இருக்கிறது. அதற்கும் கிழக்கே திரு.வி.க. பாலம் இருக்கிறது. மூன்றிலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நீங்கள் போகும் நேரத்தில் எந்தப் பாலத்தில் லாரியும் பஸ்சும் குறைவாக இருக்கின்றனவோ, அதுவே உங்கள் பாலம்.

மேம்பாலத்தில் ஏறாதீர்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது மற்ற வண்டிகள் வேகம் எடுக்கும். உச்சியில் ஒதுங்க இடமே இராது. பெரும்பாலான மேம்பாலங்களுக்குக் கீழே பழைய ரோடு அப்படியே இருக்கிறது. அதில் போங்கள். சிக்னலில் இரண்டு நிமிடம் நிற்க வேண்டி இருக்கும். நிற்கலாம்!

மாம்பலத்தில் இருந்து மயிலாப்பூருக்கு

சொன்னதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம்.

ஒருவருக்கு மேற்கு மாம்பலத்தில் வீடு. மயிலாப்பூர் லஸ் முனைப் பக்கத்தில் வேலை. தூரம் ஐந்து அல்லது ஆறு கிலோ மீட்டர் இருக்கும். சாதாரணமாக மிதித்தால் மணிக்கு 12 கிலோ மீட்டர் போகலாம். அரை மணி நேரப் பயணம்.

அவர் தாண்ட வேண்டியவை இரண்டே இரண்டு. ஒன்று, ரெயில் பாதை. மற்றொன்று, அண்ணா சாலை. அண்ணா சாலையில் தண்ணீர் ஓடவில்லை என்றாலும், சைக்கிள்காரருக்கு அதுவும் ஓர் ஆறுதான்!

ரெயில் பாதையைத் தாண்ட துரைசாமி சுரங்கப் பாதை இருக்கிறது. வடக்கே போனால் கோடம்பாக்கம் மேம்பாலம். தெற்கே போனால் அரங்கநாதன் சுரங்கப் பாதை. மேம்பாலம் வேண்டாம் என்று சொல்லி விட்டோம். துரைசாமி சுரங்கப் பாதை வழியாக வந்தால் தியாகராய நகர். காலை ஏழு மணிக்கு அங்கே கூட்டம் கிடையாது. துணிக்கடைகள் திறந்து இருக்க மாட்டார்கள். பாண்டி பஜார் என்று சொல்லும் தியாகராயர் சாலை வழியாகக் கிழக்கே போனால், தேனாம்பேட்டையில் அண்ணா சாலை குறுக்கிடும். அதைத் தாண்டினால் எதிரே எல்டாம்ஸ் சாலை. அங்கிருந்து ஆழ்வார்பேட்டை. அப்புறம் லஸ்.

இந்த வழியில் என்ன விசேஷம்? அண்ணா சாலையில் ஓர் அடி கூட ஓட்ட வேண்டியது இல்லை. குறுக்கே தாண்டினால் போதும்.

வண்டிகளை எந்தப் பக்கம் திருப்பி விடுகிறார்கள், எது ஒரு வழிப் பாதை என்பது எல்லாம் இந்த ஊரில் அடிக்கடி மாறும். மெட்ரோ ரெயில் வேலை, மேம்பால வேலை, குழாய் வேலை என்று ஏதாவது ஒன்று இருந்து கொண்டே இருக்கும். ஆனால் சைக்கிள்காரருக்கு, மோட்டார்க்காரருக்கு இல்லாத ஒரு சவுகரியம் உண்டு. சீட்டை விட்டு இறங்கி, சைக்கிளைத் தள்ளிக் கொண்டு போனால் அவரும் நடந்து போகிறவர்தான்! பாதசாரிகள் தாண்டும் கோட்டில், பச்சை விளக்கு எரியும்போது, பத்துப் பேரோடு சேர்ந்து தாண்டி விடலாம். இதில் கவுரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வெயிலும் காற்றும்

மாம்பலத்துக்காரருக்கு ஒரு தொல்லை உண்டு. காலையில் கிழக்கே போகிறார். சூரியன் கண்ணில் அடிக்கும். மாலையில் மேற்கே திரும்புகிறார். அப்போதும் சூரியன் கண்ணில் அடிக்கும்!

அவருக்குக் கண் கூசுகிறது என்பது பெரிய விஷயம் அல்ல. அவருக்குப் பின்னால் வருகிற கார்க்காரருக்கும் கண் கூசும். முன்னால் போகும் சைக்கிள் அவர் கண்ணுக்குத் தெரியாது. சூரியன் தாழ்வாக இருக்கும் அந்த அரை மணி நேரத்தில் பெரிய ரோடுகளைத் தவிர்த்து, மரமும் வீடும் நிழல் தருகிற தெருக்களில் போவது நல்லது. அல்லது பத்து நிமிடம் முன்னாலேயே புறப்பட்டு விடலாம்.

தொல்லையைச் சொன்னோம். ஒரு லாபமும் உண்டு. கோடைக் காலத்தில் பகல் திரும்பியதும் கடல் காற்று வீசத் தொடங்கும். அது கிழக்கில் இருந்து வரும். மேற்கே வீடு திரும்புகிறவரின் முதுகைத் தள்ளும். ஒரு நாள் முழுவதும் நின்று வேலை செய்து விட்டு வருகிறவருக்கு, இது எவ்வளவு பெரிய உதவி என்பது மிதித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. காலையில் சின்னத் தெருக்கள் நல்லவை. இரவு பத்து மணிக்கு அதே தெரு இருட்டாக இருக்கும். நாய்கள் கூட்டமாக உட்கார்ந்து இருக்கும். இரவில் விளக்கு எரிகிற, கடை திறந்து இருக்கிற, நாலு பேர் நடமாடுகிற ரோடுதான் நல்லது. பெண்கள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

வேலைக்குச் சேரும் முதல் நாள் அன்றே புது வழியில் போகாதீர்கள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பையனையோ, பெண்ணையோ கூட்டிக் கொண்டு போகலாம். அவர்களுக்கும் ஊர் தெரிந்த மாதிரி இருக்கும்.

போகும்போது ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். தெருப் பெயர்ப் பலகையைப் பார்த்து, பெயரை எழுதுங்கள். பலகையில் தமிழில் எழுதி இருக்கும். இப்போதுதான் படிக்கப் பழகி இருக்கிறீர்களா? இதைவிட நல்ல பாடம் கிடையாது! எந்த இடத்தில் சைக்கிள் கடை இருக்கிறது, எங்கே குடிதண்ணீர் கிடைக்கும், எங்கே பள்ளம், எந்த முனையில் பஸ் திரும்புகிறது -- இவ்வளவும் அந்தக் காகிதத்தில் இருக்கட்டும்.

படிப்புக்கும் சைக்கிளுக்கும் நம் நாட்டில் பழைய உறவு உண்டு. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துக் கற்றுக் கொண்ட பெண்கள், கூடவே சைக்கிளும் கற்றுக் கொண்டார்கள். கல் உடைக்கிற பெண்களும், வயலில் வேலை செய்கிற பெண்களும் சைக்கிளில் கிளம்பினார்கள். அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. பிறகு அவர்கள் வீட்டுப் பெண்களே சைக்கிள் ஓட்டினார்கள்!

எந்த சைக்கிள் வாங்கலாம்?

கடையில் பளபளவென்று கியர் சைக்கிள்கள் நிற்கின்றன. விற்கிறவர் அதைத்தான் முதலில் காட்டுவார். சென்னை போன்ற சமதளமான ஊரில், தினம் பத்துக் கிலோ மீட்டர் மிதிக்க கியர் தேவை இல்லை என்பது என் கருத்து. கியர் கெட்டால் தெரு முனை சைக்கிள் கடையில் சரி செய்ய மாட்டார்கள். மட்கார்டு இராது; மழைச் சேறு முதுகில் அடிக்கும். கேரியர் இராது; சாப்பாட்டை எங்கே வைப்பது?

சாதாரண சைக்கிளாகப் பாருங்கள். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் மூடி, மணி -- இந்த ஐந்தும் இருக்க வேண்டும். அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலைக்காக 1949-ல் கம்பெனி தொடங்கிய காலத்தில் இருந்து நம் ஊரில் ஓடுகிற சைக்கிள் இந்த ரகம்தான். வேட்டி கட்டுகிறவர்களும், வயதானவர்களும், குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிளை வாங்குவதில் தப்பு இல்லை. ஏறி இறங்குவது சுலபம். யாராவது சிரித்தால் சிரித்து விட்டுப் போகட்டும்.

சீட்டின் உயரம் முக்கியம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக இருக்க வேண்டும். பிறகு விரல் பக்கத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும். அதுவே சரியான உயரம். சீட்டைத் தாழ்த்தி வைத்துக் கொண்டு மிதிக்கிறவர்களுக்கு முட்டி வலி வரும். அந்தக் காலத்தில் பிள்ளைகள் பெரிய சைக்கிளில் சீட்டு எட்டாமல், குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை விட்டு குரங்குப் பெடல் போட்டார்கள். கற்றுக் கொள்ள அது போதும். பள்ளிக்கூடத்துக்கு அப்படிப் போகக் கூடாது.

பிரேக், காற்று, விளக்கு

வீட்டை விட்டுக் கிளம்பும்போது இந்த மூன்றையும் பாருங்கள். ஒரு நிமிடம் கூட ஆகாது.

சைக்கிளைத் தள்ளிக் கொண்டே முன் பிரேக்கைப் பிடியுங்கள். வண்டி நிற்க வேண்டும். பின் பிரேக்கைப் பிடியுங்கள். நிற்க வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்து இருந்தால் மாற்றி விடுங்கள். அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது. வண்டியை அதிகமாக நிறுத்துவது முன் பிரேக்தான். ஆனால் அதை மட்டும் சட்டென்று இறுக்கினால் தலைகீழாக விழ நேரிடும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே நல்ல பழக்கம்.

காற்று நிறைத்த டயரை டன்லப் என்பவர் 1888-ல் செய்தார். தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று செய்தார். அந்தக் காற்று குறைந்தால், குலுக்கம் மட்டும் அல்ல, மிதிக்கும் சிரமமும் இரண்டு மடங்காகத் தோன்றும். பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளையும். பிறகு பெண்டு எடுக்கக் கூலி கொடுக்க வேண்டும். கட்டை விரலால் டயரை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருக்க வேண்டும்.

காற்று அடித்தும் இரவோடு இரவாக இறங்கி விடுகிறதா? உடனே பஞ்சர் என்று எண்ண வேண்டாம். வால்வில் மாட்டி இருக்கும் சின்ன ரப்பர் குழாய் -- வால் டியூப் -- நைந்து போய் இருக்கலாம். புதிது ஒன்றை நீங்களே மாட்டி விடலாம். உண்மையாகவே பஞ்சர் என்றால், ஒட்டிய பிறகு டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முள்ளோ, ஆணியோ அங்கேயே இருந்தால் மறுநாளும் அதே கதைதான்.

இப்போது விளக்குக்கு வருவோம்.

விளக்கு இல்லாத சைக்கிளைப் போலீஸ்காரர் பிடித்து நிறுத்துவது ஒரு காலத்தில் வழக்கம். டபுள்ஸ் போனாலும் பிடிப்பார்கள். போலீசுக்குப் பயந்தாவது, மண்ணெண்ணெய் விளக்கோ, டைனமோவோ மாட்டினார்கள். இப்போது யாரும் பிடிப்பது இல்லை. ஆகவே யாரும் மாட்டுவதும் இல்லை!

ரோட்டில் விளக்கு எரிகிறதே, எனக்கு வழி தெரிகிறதே என்று சொல்கிறார்கள். விளக்கு நமக்கு வழி தெரிவதற்காக மட்டும் அல்ல. நாம் மற்றவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக.

ஒரு கார் மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறது. பெரிய வேகம் அல்ல. ஆனாலும் அது ஒரு வினாடிக்கு 11 மீட்டர் ஓடும். ஓட்டுகிறவர் உங்களைப் பார்த்து, காலை எடுத்து பிரேக்கில் வைப்பதற்கு ஒரு வினாடி ஆகிறது. அதற்குள் 11 மீட்டர் வந்து விட்டார்! அதற்குப் பிறகுதான் கார் வேகம் குறையவே தொடங்கும். கறுப்புச் சட்டையும் கறுப்பு சைக்கிளுமாக நீங்கள் போனால், அவர் உங்களைப் பார்ப்பதே பத்து மீட்டர் தூரத்தில்தான்.

முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. இரண்டும் வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பின் விளக்கை வாங்குங்கள். முன்னால் வருகிறவரை நீங்கள் பார்த்து ஒதுங்கலாம். பின்னால் வருகிறவர் உங்களைப் பார்த்துத்தான் ஒதுங்க வேண்டும். பாட்டரியில் எரியும் சின்ன மின்னும் விளக்குகள் இப்போது எல்லா சைக்கிள் கடையிலும் கிடைக்கின்றன. பின் மட்கார்டில் சிவப்பு எதிரொளிக் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மேல் சேறு படிந்து இருந்தால் துடையுங்கள். மட்கார்டின் கீழ்ப் பகுதிக்கு ஒரு சாண் உயரம் வெள்ளைப் பெயிண்ட் அடித்து வைப்பார்கள் பெரியவர்கள். அதை ஏன் விட்டு விட்டோமோ தெரியவில்லை.

சைக்கிள்காரர்கள் ஹெல்மெட் போட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. போட்டால் தலைக்கு நல்லது. ஆனால் ஹெல்மெட் விழுந்த பிறகு காப்பாற்றுவது. விளக்கும் பிரேக்கும் விழாமல் காப்பாற்றுபவை.

சாப்பாட்டுப் பையை எங்கே வைப்பது?

கைப்பிடியில் மாட்டாதீர்கள். பை ஆடும். கைப்பிடி இழுக்கும். ஒரு நாள் பையின் நுனி சக்கரக் கம்பிக்குள் நுழையும். அன்று வண்டி நின்ற இடத்தில் நிற்கும். நீங்கள் மட்டும் முன்னே போவீர்கள்!

கேரியரில் வைத்துக் கட்டுங்கள். பழைய டியூபை நீளமாக வெட்டி வைத்துக் கொண்டால், கயிற்றைவிட நன்றாக இறுகும். அவிழ்ப்பதும் சுலபம். சேலை, துப்பட்டா நுனிகளைச் செருகிக் கொண்டு ஏறுங்கள். பின் சக்கரத்தின் பக்கவாட்டில் வலைத் தகடு மாட்டினால் இன்னும் நல்லது.

குழந்தையைப் பின் கேரியரில் உட்கார வைத்துப் போகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். குழந்தை தூங்கி விழும். கால் தானாகச் சக்கரக் கம்பிப் பக்கம் போகும். ஓடும் சக்கரத்தில் குதிகால் மாட்டினால், தோலும் சதையும் கிழிந்து விடும். எலும்பும் முறியலாம். ஆறுவதற்கு மாதக் கணக்காகும். கால் வைக்கும் படியும், இடுப்புப் பட்டையும் உள்ள குழந்தை சீட்டுகள் கிடைக்கின்றன. சக்கரத்துக்கு வலையும் மாட்ட வேண்டும். அது இல்லாமல் குழந்தையை ஏற்ற வேண்டாம். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தால், குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிக் கொண்டே போய் விடலாம்.

பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுக்கிறது. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய திட்டம் இது. 2005-ல் இருந்து, அரசுப் பள்ளியிலும், அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் மற்ற மாணவ மாணவிகளுக்கும் கிடைத்தது. சைக்கிள் வீட்டுக்கு வந்ததும் மாலை போட்டு, பொட்டு வைத்து, மறுநாளே ஓட்ட அனுப்பி விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஆயிரக் கணக்கில் ஒரே இடத்தில் மாட்டி அனுப்பிய வண்டி அது. தெரிந்த சைக்கிள் கடையில் கொடுத்து, கைப்பிடி, சக்கரம், பெடல் நட்டுகளை எல்லாம் ஒரு தடவை இறுக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் ஓடிய பிறகு இன்னொரு தடவை. புதுச் சக்கரத்தில் கம்பிகள் தளரும். மிதிக்கும்போது "டக், டக்" என்று சத்தம் கேட்டால் காட்டர் பின் தளர்ந்து இருக்கிறது என்று அர்த்தம்.

பஸ்சுக்கு இடது பக்கம் போகாதீர்கள்

ரோட்டில் எப்படிப் போவது என்று சொல்ல ஆரம்பித்தால் முடிவே இராது. மூன்றே மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

பஸ் நிற்கிறது. அதற்கும் நடைபாதைக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கிறது. சைக்கிள் புகுந்து விடும். புகாதீர்கள்! அந்த இடத்தில் ஆட்கள் இறங்குவார்கள். பஸ் இடது பக்கம் திரும்பினால், உங்களுக்குப் போக வழி இராது. உயரத்தில் உட்கார்ந்து இருக்கும் டிரைவருக்கு அந்த மூலை தெரியவே தெரியாது. லாரிக்கும் இதே கதைதான். பெரிய வண்டி நின்றால், அதன் பின்னாலேயே நின்று விடுங்கள். ஒரு நிமிடம்தானே!

நிறுத்தி இருக்கும் கார்களை ஒட்டிப் போகாதீர்கள். எந்த நேரத்திலும் கதவு திறக்கும். ஒரு கதவு அகலம் விட்டுப் போங்கள். அதே போல, ரோட்டின் கடைசி ஓரத்திலும் போகாதீர்கள். அங்கே மணல், ஜல்லி, சாக்கடை மூடி எல்லாம் இருக்கும். ஓரத்தில் இருந்து இரண்டு அல்லது மூன்று அடி தள்ளிப் போனால், பள்ளம் வந்தாலும் சட்டென்று நடு ரோட்டுக்கு ஒடிக்க வேண்டியது இல்லை.

வலது பக்கம் திரும்ப வேண்டுமா? பெரிய ரோடாக இருந்தால் நடுவிலே புகுந்து கை காட்டிக் கொண்டு நிற்க வேண்டாம். நேரே போய், முனையைத் தாண்டி, இடது ஓரத்தில் இறங்குங்கள். சிக்னல் மாறியதும் குறுக்கே தள்ளிக் கொண்டு போங்கள்.

மழைக் காலத்துக்கு வேறு வழி

ஐப்பசி, கார்த்திகையில் நீங்கள் எழுதி வைத்த வழி பாதி நாள் பயன்படாது. நல்ல சுரங்கப் பாதை என்று சொன்னோமே, மழை பெய்தால் முதலில் தண்ணீர் நிற்பது அங்கேதான். 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர் வெள்ளக் காடானது. நகரில் பல சுரங்கப் பாதைகள் மூடப்பட்டன.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை எழுதினீர்களே, அந்தக் காகிதத்தின் பின் பக்கத்தில் மழை வழியையும் எழுதி வையுங்கள். மாம்பலத்துக்காரருக்கு அன்று மட்டும் கோடம்பாக்கம் மேம்பாலம்தான் வழி. மேம்பாலம் வேண்டாம் என்று சொன்னவர்களே இப்போது ஏறச் சொல்கிறார்களே என்று கேட்பீர்கள். ஏற வேண்டாம். நடைபாதையில் தள்ளிக் கொண்டு போங்கள்! மறுபக்கம் இறங்கியதும் ஏறிக் கொள்ளலாம்.

தேங்கிய தண்ணீரில் தரை தெரியவில்லை என்றால் சைக்கிளை விடாதீர்கள். கீழே மூடி இல்லாத சாக்கடைக் குழி இருக்கலாம். நடந்து போனாலும், கம்பாவது குச்சியாவது ஊன்றிப் பார்த்துப் போங்கள். மின்சாரக் கம்பமோ, மின்சாரப் பெட்டியோ தண்ணீரில் நின்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ரிம் நனைந்து இருந்தால் பிரேக் வழுக்கும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு தூரம் முன்னாலேயே லேசாகப் பிடித்துக் கொண்டு வாருங்கள். கட்டை தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிப்பு வரும். குடை பிடித்துக் கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டுவது சர்க்கஸ்காரர்களுக்கு மட்டும்! மழைக் கோட்டு இல்லாவிட்டால், எங்காவது ஒதுங்கி நில்லுங்கள். வேலைக்குத் தாமதமாகும் என்று முதலாளிக்கு ஒரு போன் செய்து சொல்லி விடலாம்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியை அப்படியே சாத்தி விட்டுப் படுத்து விடாதீர்கள். கடற்கரை ஊரில் இரும்பு சீக்கிரம் துருப் பிடிக்கும். பழைய துணியால் ரிம்மையும் செயினையும் துடைத்து, செயினைச் சுற்றிக் கொண்டே தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். மிஞ்சியதைத் துடைத்து விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது பிசினாகி மண்ணைப் பிடித்து வைத்துக் கொள்ளும்.